இறங்க மாட்டேன் என்ற பிரஷர்

ஹட்டன் – பொகவந்தலாவை பஸ்ஸில் கண்டக்டராகக் கதவில் தொங்கித் தொங்கியே என் தலைமுடியில் பாதி காற்றோடு போய்விட்டது. மீதிப் பாதியும் போவதற்குள் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அதைப் பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஊரில் பலர் கனடா போக ஆசைப்படுகிறார்கள். நான் அதே பஸ்ஸில், கதவிலிருந்து முன் சீட்டு வரை போக ஆசைப்பட்டேன்.

இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு அதற்கு வழி பிறந்தது. எங்கள் சாரதி அழகன் அண்ணன், சித்திரை வருஷப் பிறப்போடு வேலையை விடப்போவதாகச் சொன்னார். கண் மங்கிவிட்டது என்று அவர் வாயிலிருந்து வராது.

"ரோட்டுக்கு வயசாயிருச்சு செபமால, முன்ன மாதிரி தெளிவா இல்ல" என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சிங்களவர். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். இலக்கணத்தை மட்டும் வழியில் எங்காவது இறக்கிவிட்டுவிடுவார்.

"செபமாலை, உன்கிட்ட பெரிய வண்டி லைசன் இருக்குதானே?"

இருந்தது. கலியாணத்துக்கு முன் எடுத்தது. அதிலுள்ள படத்தில் எனக்கு முடி இருக்கிறது. காலாவதியாகி அலுமாரியில் கிடந்தது.

"அதைப் புதுசு பண்ணு. சித்திரைக்கு முந்தி கொண்டா, சீட்டு உனக்கு. இல்லாட்டி எங்க அக்கா மகன் வாறான்."

அந்த அக்கா மகனை எங்கள் பஸ்ஸுக்கே தெரியும். அழகன் அண்ணன் காய்ச்சலில் கிடந்த ஒருநாள் அவன்தான் வந்து ஓட்டினான். கொழும்புப் பக்கத்துப் பழக்கம். டிக்கோயா தாண்டியதும் ராக்காயி அக்கா தேயிலைச் சரிவில் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் மணி அடித்தேன். அவன் நிறுத்தவில்லை. "வெலாவ நே" என்றான். நேரமில்லையாம். ராக்காயி அக்கா அன்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். அதனால் சீட்டு எனக்கு வரலாம் என்று கேள்விப்பட்டதும் பஸ் முழுவதும் சந்தோஷப்பட்டது. சந்தோஷப்படாதவை என் இரத்தக் குழாய்கள் மட்டும்தான்.

லைசன்ஸைப் புதுப்பிக்க, டாக்டர் கையெழுத்துப் போட்ட மெடிக்கல் துண்டு வேண்டும். நுவரெலியாவில் ஒரு டாக்டர் என் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடியும் அடித்தார். டயருக்குக் காற்றடிப்பவன் முகத்தில்கூட அவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

"நூத்தி எழுபதுக்கு மேல நிக்குது. இதை வச்சிக்கிட்டா அம்பது பேரை ஏத்திக்கிட்டு அந்த வளைவுல போகப்போறீங்க?"

"ஏத்துறது எம்பது பேருங்க டாக்டர்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

துண்டு கிடைக்கவில்லை. கிளினிக்கில் மருந்தெடுத்து, பிரஷரைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். கிளினிக் டாக்டர் ஒரு சின்ன மாத்திரையும் ஒரு பெரிய கட்டளையும் கொடுத்தார். "லுணு அடு கரன்ன." உப்பைக் குறைக்க வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். அன்றே கருவாட்டுப் பை பக்கத்து வீட்டுக்குப் போனது. உப்புப் போத்தல் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. உப்பில்லாத பருப்பை ஒரு மாதம் தின்றவன் நான். என்னிடம் யாரும் தவக்காலத்து ஒறுத்தல் பற்றிப் பெருமை பேச வேண்டாம்.

பஸ்ஸில் இதை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அழகன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அழகன் அண்ணன் முன் சீட்டுக்கு மட்டும் சொன்னார். டிக்கோயா தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து எனக்கே ஒருவர் இரகசியமாகச் சொன்னார்: "ஒங்களுக்குப் பிரஷராமே!"

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. ஒவ்வொரு தரிப்பிலும் ஆள் ஏறுவதற்கு முன் ஒரு கட்டு இலை ஏறியது.

ராக்காயி அக்கா ஓடையோரம் பிடுங்கிய வல்லாரையைத் தாவணித் துண்டில் கட்டிக் கொண்டுவந்தார். "பச்சையா மெல்லுங்க தம்பி. ரத்தக்கொழா எல்லாம் பஞ்சு மாதிரி ஆயிரும்." பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டுப் போத்தலில் தந்தார். எங்கள் குளிருக்கு முருங்கை சரியாக வளராது. கண்டியில் இருக்கும் தன் நாத்தனாரை மிரட்டி ஒருத்தி அதையும் வரவழைத்தாள். பூண்டு தந்தவர்கள் நாலைந்து பேர். அதைப் பச்சையாக மென்றதில் ஒரு பலன் உடனே தெரிந்தது: எவ்வளவு நெரிசலிலும் என்னைச் சுற்றி ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது.

அம்மாக்கண்ணு அக்கா கொடுத்தது வாழைத்தண்டுச் சாறு. "கெட்ட தண்ணியெல்லாம் எறங்கிரும்" என்றார். இறங்கத்தான் பார்த்தது, நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில். அங்கே பஸ்ஸை நிறுத்த இடமும் கிடையாது, மறைவுக்கு ஒரு மரமும் கிடையாது. அன்று அழகன் அண்ணன் ஓட்டிய வேகத்தை முதலாளியின் அக்கா மகன் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பான்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனேன். பட்டியைச் சுற்றினார்கள். முன்னைவிடக் கூடியிருந்தது.

"மாத்திரையை ஒழுங்கா குடிக்கிறதில்லதானே?" என்றார் டாக்டர்.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தாங்க டாக்டர் வாயில போடுறேன். முழுங்கினாரான்னு நாக்கைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வேலைக்கு அனுப்புறேன்."

"வெத்தில, சிகரெட், சாராயம்?"

"ஒண்ணும் இல்லீங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அது சத்தியமான உண்மை. வெற்றிலையைப் போன வருஷமே விட்டுவிட்டேன். வாய்ப் புற்றுநோய் முகாம் ஒன்றில் காட்டிய படங்களைப் பார்த்த அன்றே பொட்டலத்தைக் கொத்மலை ஓயா ஆற்றில் எறிந்தவன் நான். ஆனால் கண்டக்டர் வாய் சும்மா இருக்காது. நாள் முழுக்க ஊர்ப்பெயர் கத்துகிற தொண்டைக்கும் ஏதாவது வேண்டும். அதனால் ஹட்டனில் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரக் குச்சி வாங்கிச் சட்டைப்பையில் வைத்து மெல்ல ஆரம்பித்தேன். இனிப்பான வேர். தொண்டைக்கு இதம். காலையில் ஒன்று வாய்க்குள் போனால் மாலை வரை அது இருக்கும்; அது தேய்ந்தால் அடுத்தது. டாக்டர் கேட்ட எதிலும் அது வரவில்லை. நானும் அதைச் சேர்த்து நினைக்கவில்லை. பல் குத்தும் ஈர்க்கைப் பற்றி யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

மாத்திரையைக் கூட்டினார். சித்திரைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. முதலாளியின் அக்கா மகன் ஒருநாள் வந்து சாரதி ஆசனத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான். அன்று எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அது அடிக்கடி இழுத்தது. நின்றே பிழைக்கிறவனுக்குக் கால் இழுக்காமல் காதா இழுக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹட்டனில் ஜெயந்தினி ஏறினாள். டின்சின் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறார். பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் காசை மறந்துவிட்டு "நாளைக்கு மாமா" என்று சிரித்துக்கொண்டே ஏறுவாள். இப்போது பேராதனையில் ஆராய்ச்சி செய்கிறாள். மூலிகைகள் இரத்தக் குழாயை என்ன செய்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எட்டு வைத்தியர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஒன்பதாவதாக ஏறினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறியதும் இருமினாள். இருமலுக்கு நடுவே, "என்ன மாமா, பஸ்ஸுக்குள்ள ரசம் வச்சமாதிரி மணக்குது?" என்றாள்.

"அது நான்தான்" என்றேன்.

ராக்காயி அக்கா என் வரலாற்றை முழுதாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், "ஏன் புள்ள, நீ படிக்கிற எடத்துல இந்த எலைய எல்லாம் பாத்துருக்கியா? பொய்யா, நெசமா?" என்றார்.

"சிலது நெசந்தான் அத்த. ஆட்டு ரத்தக்கொழாய்ல ஒரு சின்ன வளையம் வெட்டி, சூடான உப்புத்தண்ணியில தொங்கப் போடுவோம். உசிரோட இருக்கிற மாதிரியே இறுகும், தளரும். இலைச்சாறு ஊத்தினா எவ்வளவு தளருதுன்னு மெஷின் கோடு போட்டுக் காட்டும்."

"அட, குடல் கொழம்பு மாதிரி!" என்றார் அம்மாக்கண்ணு அக்கா.

"கிட்டத்தட்ட. மசாலா மட்டும் இல்ல. ரத்தக்கொழாய் இரும்புப் பைப்பு இல்லீங்க. சுவத்துல தசை இருக்கு. உள்பக்கத்துத் தோல் ஒரு வாயு விடும். அது பட்டதும் தசை தளரும், கொழாய் விரியும்."

"வாயு விட்டா தளருமா?" ராக்காயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது எங்க வீட்டுக்காரருக்கே தெரியுமே."

பஸ் ஒரு வளைவு முழுக்கச் சிரித்தது. ஜெயந்தினியும் சிரித்துவிட்டு, தன் ஆராய்ச்சியே தேயிலைக் கொழுந்தைப் பற்றித்தான் என்றாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் அந்த வளையத்தை நன்றாகத் தளர வைக்கிறதாம்.

"அப்ப நாங்க இத்தன காலமும் மழையில நனைஞ்சு பறிச்சது, எவனோ ஒருத்தன் ரத்தக்கொழாய விரிக்கவா?" என்றார் அம்மாக்கண்ணு அக்கா. "எங்களுக்குத் தூள்தானே தாராங்க. அது எதை விரிக்கும்?"

"அதுலயும் கொஞ்சம் இருக்கு அத்த. நீங்க அதுல போடுற சீனிதான் பயமா இருக்கு. ஆனா வளையத்துல தளர்றதும் மனுசனுக்குப் பிரஷர் எறங்குறதும் ஒண்ணு இல்ல. வயித்துக்குள்ள போயி, ஈரல் தாண்டி, என்ன மிஞ்சுதுன்னு பாக்கணும். மாமா, மாத்திரைக்கு மேல இத்தனையும் கண்டபடி சேத்துக் குடிக்காதீங்க. ஆனா இவ்வளவுக்கும் கொறையாம ஏறுதுன்னா..." மறுபடி இருமல் வந்துவிட்டது.

பிள்ளை சிரமப்படுவதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து புதுக் குச்சி ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினேன். "இந்தா, இதை வாயில அடக்கிக்க. தொண்டைக்கு நல்லது."

வாங்கினாள். முகர்ந்தாள். இருமல் நின்றுவிட்டது. குச்சி வாய்க்குள் போகவே இல்லை.

"அதிமதுரமா? ஒரு நாளைக்கு எத்தன மாமா?"

"எண்ணுறதில்ல. வெத்திலைய விட்டதுலருந்து இதுதான்."

"கால் இழுக்குதா?"

இந்தப் பிள்ளை எப்போது ஜோசியம் படித்தது என்று தோன்றியது. "இழுக்குது. சாயந்தரம் செருப்பும் இறுகுது."

ஜெயந்தினி நெற்றியில் கையை வைத்தாள். பிறகு குரலைத் தணித்து, எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். "ஒடம்பு ஒரு பஸ்ஸுன்னு வைங்க. உப்பு ஒரு பயணி. கிட்னியில எறங்கிப் போகணும். அதிமதுரத்துல ஒரு சத்து இருக்கு, அது கதவுல நின்னுக்கிட்டு உப்பை எறங்கவே விடாது. உப்பு நின்னா தண்ணியும் நிக்கும். பொட்டாசியம்னு ஒரு நல்ல பயணி இருக்கு, அதைப் பாதி வழியில தள்ளி விட்டுரும். அதுதான் கால் இழுக்குது. ரத்தக்கொழாயும் இறுகிப்போயிரும்."

நான் கதவில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒரு மாதமாக உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்க, நான் உள்ளே இருக்கிற உப்பைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் பிரஷரை இறக்க இலை பறித்துத் தர, அதை ஏற்றுகிற வேரை நானே காசு கொடுத்து வாங்கி மென்றிருக்கிறேன். அதுவும் உடம்பு நன்றாக இருக்க வேண்டுமே என்று!

"மூலிகைதானே புள்ள?" என்றேன், தோற்ற கட்சிக்காரன் மாதிரி.

"மூலிகைக்கு நல்லது மட்டுந்தான் செய்யணும்னு யாரு மாமா சொல்லிக் குடுத்தா? நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க. இதைக் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க."

மறுநாள் கிளினிக் டாக்டர் மேசையில் குச்சிகளைக் கொட்டினேன். அவர் குச்சிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க வெத்திலையும் சாராயமும்தான் கேட்டீங்க" என்றேன். ஸ்டெல்லா பக்கத்திலிருந்து என் காலில் ஓர் உதை விட்டாள். அதே கெண்டைக்கால்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் குறைவு. அதற்கு மருந்து தந்து, இலைச் சாறுகளையும் நிறுத்தச் சொல்லி, அதிமதுரத்தை விட்டால் சில வாரங்களில் பிரஷர் தானாக இறங்கும் வாய்ப்பிருக்கிறது என்றார். வாய்ப்பு. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு முதலாளியிடம் சீட்டுக் கேட்க முடியாது.

குச்சி இல்லாத வாய் எப்படி இருந்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. வெற்றிலைக் கடைகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. மூன்றாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. "நோர்வூட்" என்று கத்தினால் காற்று மட்டும் வந்தது. குரல் இல்லாத கண்டக்டருக்கும் மாலை போட்டுப் படமாக மாட்டிய கண்டக்டருக்கும் என்ன வித்தியாசம்? முதலாளிக்குத் தெரிந்தால் சீட்டு இருக்கட்டும், கதவும் போய்விடும்.

காலையில் டிக்கோயாவை நெருங்கும்போது வாயைத் திறந்தேன். வரவில்லை. பஸ் தாண்டிவிடும் போலிருந்தது. அப்போது பின் சீட்டிலிருந்து அம்மாக்கண்ணு அக்கா, மலையில் எதிர்ப்பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற குரலில், "டிக்கோயா எறங்கு!" என்று ஒரு சத்தம் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் டிக்கோயாவில் வேலையில்லாமலே இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கத்தும் வேலையே இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்ததும் இறங்கப்போகிறவர்களை டீச்சர் எச்சரித்தார். நோர்வூட்டை ராக்காயி அக்கா எடுத்துக்கொண்டார். "தள்ளி நில்லு, உள்ள எடம் இருக்கு" என்ற என் பொய்யைக்கூட அவர்களே சொன்னார்கள். நான் சொன்னதைவிட நம்பும்படியாக இருந்தது. இலை கொண்டுவருவதை நிறுத்தியவர்கள், கொண்டுவர ஏதாவது வேண்டுமே என்று அவித்த மரவள்ளி கொண்டுவந்தார்கள். உப்புப் போடாமல். எனக்குக் கண் கலங்கியது. மரவள்ளியின் ருசியும் அதற்கு ஒரு காரணம்.

வருஷப் பிறப்புக்கு முந்தைய வாரம் நுவரெலியாவுக்குப் போனேன். அழகன் அண்ணனும் துணைக்கு வந்தார். டாக்டர் பட்டியைச் சுற்றினார். 

"நூத்தி ஐம்பத்தாறு" என்றார். போச்சு என்று எழுந்துவிட்டேன். "ஒக்காருங்க. படியேறி ஓடி வந்தீங்களா?"

"இவரு ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே ஏறிரும் டாக்டர்" என்றார் அழகன் அண்ணன். "கொஞ்சம் அப்பிடியே விடுங்க. எஞ்சின் சூடு தணியட்டும்."

டாக்டர் சிரித்துவிட்டு வேறொருவரைப் பார்க்கப் போனார். பத்து நிமிஷம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாவை நினைத்தால் ஏறும் என்பதால் மாதாவை மட்டும் நினைத்தேன். மறுபடி பட்டியைச் சுற்றினார்கள். இறுகியது. மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"நூத்தி முப்பத்தி நாலு. கிளினிக்கை விட்டுறாதீங்க" என்று சொல்லித் துண்டில் கையெழுத்துப் போட்டார்.

புது லைசன்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வருஷப் பிறப்பு முடிந்து முதல் ஓட்டம். சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் நான் இந்த ரோட்டை ஜன்னல் வழியாகத் துண்டுதுண்டாகவும் ஆட்களின் தோளுக்கு மேலாகவும்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்த்தால் அது இவ்வளவு ஒடுங்கியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிரே லொறி வந்தால் இரண்டில் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அழகன் அண்ணன் வேலையில்லாத மனுஷன், ஊருக்குப் போகவேண்டியவர். அவர் போகவில்லை. முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். டிக்கட்டுக்குப் புதுக் கண்டக்டர் நீட்டிய கையைப் பார்க்கவும் இல்லை. முதல் வளைவிலேயே அவர் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. இரண்டாவது வளைவில் மறுபடி அழுத்தினார்.

"கியரைக் கொற. கொற. அது செவுரு செபமால, ரோடு இல்ல."

"தெரியுதுண்ணே."

"எனக்குத் தெரியலையே, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

தேயிலைச் சரிவில் ஒரு கை ஆடியது. ராக்காயி அக்கா கொழுந்துக் கூடையும் குடையுமாக ஓடி வந்துகொண்டிருந்தார். நிறுத்தினேன். பின்னால் ஒரு வான் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். ராக்காயி அக்கா ஏறி, என்னைப் பார்த்து, மூச்சு வாங்கச் சிரித்தார். "மெதுவாப் போங்க தம்பி. யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல." அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கிளட்சை விட்டேன். பஸ் நகர்ந்தது. நோர்வூட்டுக்கு மேலே, ஒருபக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாததுமான அந்தப் பெரிய வளைவு வந்தது. கியரைக் குறைத்தேன். அழகன் அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. வளைவைத் திருப்பி முடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன்.

காலை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.